கழுத்துப் பிடிப்பும் தலையணையும்: இலவம்பஞ்சா, ஃபோமா, எவ்வளவு உயரம்?

1. நொய்யல்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். கடந்த நான்கு மாதங்களாகக் காலையில் எழும்போது பிடரியின் வலப்பக்கம் கயிறு போல இறுகியிருக்கிறது. வெந்நீரில் குளித்து, சற்று நடந்து, அலுவலகம் சென்று அமர்வதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. மறுநாள் காலை அதே இடத்தில் அதே பிடிப்பு. கை மரத்துப்போவதோ விரல்களில் குறுகுறுப்போ இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், வயதுக்குரிய தேய்மானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கூறி, "தலையணையை மாற்றிப் பாருங்கள்" என்ற ஒரு வரியோடு அனுப்பிவிட்டார்.

பதினைந்து ஆண்டுகளாக ஒரே இலவம்பஞ்சுத் தலையணையைத்தான் பயன்படுத்தி வந்தேன். அதுவே காரணம் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னதால், இரண்டு மேடுகளும் நடுவில் பள்ளமும் கொண்ட மெமரி ஃபோம் தலையணை ஒன்றை வாங்கினேன். மூன்று வாரங்கள் ஆகியும் வலி குறையவில்லை. ஏசி ஓடும் இரவுகளில் அது கல்லைப் போல இருக்கிறது. இனி எந்தப் பொருளில் செய்த தலையணையை வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

2. கடற்காற்று

நான் சென்னையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இலவம்பஞ்சை முற்றாக விலக்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. என் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு; அவளைப் பார்த்த ஒவ்வாமை மருத்துவர் முதலில் கேட்டதே தலையணையைப் பற்றித்தான். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களை உண்டு வாழும் தூசிச் சிற்றுண்ணிகள் ஈரப்பதம் மிகுந்த காற்றில் நன்றாகப் பெருகுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்களின் கழிவுதான் பலருக்கு ஒவ்வாமையைத் தூண்டுகிறது. அவற்றைக் கொல்ல ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் துணியை அலச வேண்டும். பஞ்சுத் தலையணையை அவ்வாறு அலசவே முடியாது என்பதுதான் என் குறை.

நாங்கள் இப்போது உள்ளீடற்ற பாலியெஸ்டர் இழை அடைத்த தலையணைகளையே பயன்படுத்துகிறோம். கடைகளில் பொதுவாக ‘ரெக்ரான் தலையணை’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். விலை குறைவு, சலவை இயந்திரத்தில் துவைக்கலாம், ஒன்றிரண்டு ஆண்டுகளில் அமுங்கித் தட்டையாகிவிட்டால் வருத்தமின்றி மாற்றலாம். பாதியாக மடித்து விட்டுப் பாருங்கள்: தானே விரிந்தால் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது, மடிந்தபடியே கிடந்தால் இல்லை.

3. போடிமெட்டு

கடற்காற்று அவர்களின் மகளுக்கு அந்த முடிவு சரியானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகள் உழைத்த ஒரு தலையணையின் மேல் குற்றம் சுமத்தும் முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று தலைமுறைகளாகப் போடிநாயக்கனூரில் பஞ்சு மெத்தை, தலையணை தைக்கும் குடும்பம் எங்களுடையது. ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

பருத்திப் பஞ்சும் இலவம்பஞ்சும் ஒன்றல்ல. பருத்தியில் இழை விதையோடு ஒட்டி வளர்கிறது. அதனால் அதைப் பிரிக்க அரவை தேவை. இலவங்காயில் இழை நெற்றின் உட்சுவரிலிருந்து வளர்கிறது; கோடையில் காய் முற்றி வெடிக்கும் பருவத்தில் பறித்து, களத்தில் உலர்த்தி அடித்தாலே விதை தனியே விழுந்துவிடும். இலவு காத்த கிளிக்கு வேண்டுமானால் அது ஏமாற்றமாக இருக்கலாம். எங்கள் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்தப் பஞ்சுதான். ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த நுண்குழாய். வெளியே மெழுகுப் பூச்சு. ஆகவே அது நீரை எளிதில் உறிஞ்சாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதையே அடைத்தார்கள். வியர்க்கும் தலைக்குக் கீழே சூட்டைத் தேக்காமல் இருப்பதும் அந்தக் காற்றினால்தான்.

அதன் குறைகளையும் மறைக்க மாட்டேன். இழை குட்டையானது, வழுக்கும் தன்மை கொண்டது, நாளாக நாளாக உடைந்து பொடியாகும். நடுவில் தலை அழுந்தும் இடத்தில் பள்ளம் விழுந்து, ஓரங்களில் உருண்டு கட்டியாகும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தையலைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, பொடியை உதறி, குறைந்துபோன அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைக்க வேண்டும். முன்பெல்லாம் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சு அடிப்பவர்கள் தெருத்தெருவாக வருவார்கள். இப்போது அவர்கள் வருவதில்லை, நீங்களும் பிரிப்பதில்லை. பதினைந்து ஆண்டுகளில் நொய்யல்வாசி அவர்கள் எத்தனை முறை பிரித்துத் தைத்தார் என்று அறிய ஆவல்.

கலப்படமும் உண்டு. ஆலைக் கழிவுப் பஞ்சைக் கலந்து இலவம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து ஒரு தம்ளர் நீரில் போடுங்கள். இலவம் நெடுநேரம் மேலேயே நிற்கும். வெளுத்துப் பதப்படுத்திய கழிவுப் பஞ்சு நீரைக் குடித்து அடியில் இறங்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இலவம்பஞ்சு மிக விரைவில் தீப்பிடிக்கும். கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும்.

4. பாய்விரிப்பவன்

இவ்வளவு பேச்சு எதற்கு? நான் பத்து ஆண்டுகளாகக் கோரைப்பாயில், தலையணையே இல்லாமல் உறங்குகிறேன். எந்த விலங்காவது தலையணை வைத்துக்கொள்கிறதா? கழுத்து வலிக்கு மருந்து தலையணையை மாற்றுவதன்று, அதைத் தூக்கி எறிவதுதான் என்பது என் உறுதியான கருத்து.

5. இயன்முறையாளர் சேலம்

பாய்விரிப்பவன் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: தாங்கள் மல்லாந்து படுப்பவரா, ஒருக்களித்துப் படுப்பவரா? மல்லாந்து படுப்பவர், மெலிந்த உடலும் கூன் விழாத முதுகும் உடையவர் என்றால், தலையணை இல்லாமலும் நன்றாக உறங்கலாம். ஒருக்களித்துப் படுப்பவர் தலையணை இல்லாமல் கடினமான தரையில் படுத்தால், தோளின் அகலம் முழுவதும் தலைக்கும் தரைக்கும் நடுவே வெற்றிடமாக நிற்கும். தலை கீழ்நோக்கிச் சாய்ந்தபடியே இரவு முழுவதும் கிடக்கும். விலங்குகளுக்கு நம்மைப் போலப் பக்கவாட்டில் அகன்ற தோள்கள் இல்லை என்பதையும் கருத வேண்டும். அப்படியும் நாய் தன் முன்னங்கால் மேல்தான் தலையை வைத்துக்கொள்கிறது.

இருபது ஆண்டுகளாக இயன்முறை மருத்துவம் செய்து வருகிறேன். வருபவர்கள் எல்லோரும் இங்கே நடப்பதைப் போலப் பொருளைப் பற்றியே கேட்கிறார்கள். தலையணை என்பது ஓர் இடைவெளியை நிரப்பும் பொருள், அவ்வளவுதான். அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரியாமல் எதைக் கொண்டு நிரப்புவது என்று பேசுவது, அளவெடுக்காமல் துணியின் நிறத்தைப் பற்றிப் பேசுவதைப் போன்றது. நொய்யல்வாசி அவர்கள் தயவுசெய்து பின்வருவனவற்றைத் தெரிவிக்க வேண்டும்: எந்த நிலையில் உறங்கத் தொடங்குகிறீர்கள், எந்த நிலையில் விழிக்கிறீர்கள்? படுப்பது கட்டிலிலா, தரையிலா? மெத்தை எப்படிப்பட்டது, அதன் வயது என்ன? புதிய தலையணையின் உயரம் எவ்வளவு? வலி தொடங்கிய காலத்தில் வீட்டில் வேறு ஏதேனும் மாறியதா?

6. நொய்யல்வாசி

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலும் வலப்பக்கம் ஒருக்களித்தே படுக்கிறேன், விழிக்கும்போதும் அப்படித்தான். புதிய தலையணையின் பெட்டியில் ஒரு மேடு 10 செ.மீ., மற்றது 12 செ.மீ. என்று அச்சிட்டிருக்கிறது. உயரமான பக்கத்தையே கழுத்துக்கு வைக்கிறேன்.

போடிமெட்டு அவர்களே, உண்மையைச் சொன்னால் அந்தப் பழைய தலையணையை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. உறையை மட்டும் மாற்றுவோம். ஆண்டுக்கு இரண்டு முறை மொட்டைமாடியில் வெயிலில் போடுவோம்.

கடைசிக் கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. ஆறு மாதங்களுக்கு முன், இருபது ஆண்டுப் பழமையான தென்னைநார் மெத்தையைக் கொடுத்துவிட்டு, எட்டு அங்குல உயரமுள்ள மிக மென்மையான மெத்தை ஒன்றை வாங்கினோம். உட்கார்ந்தால் உள்வாங்கும் வகை. மெத்தைக்கும் கழுத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மருத்துவரிடமும் அதைச் சொல்லவில்லை.

7. இயன்முறையாளர் சேலம்

தாங்கள் சொன்ன கடைசிப் பத்தியில்தான் பெரும்பாலும் விடை இருக்கிறது.

தென்னைநார் மெத்தை கடினமானது. அதன்மேல் ஒருக்களித்துப் படுத்தபோது தங்கள் தோள் அதிகம் புதையவில்லை. ஆகவே தலைக்குக் கீழே உயரமான, இறுகிய தலையணை தேவைப்பட்டது, அது இருந்தது, பதினைந்து ஆண்டுகள் வலியில்லாமல் கழிந்தன. இப்போதைய மெத்தையில் தோளும் இடுப்பும் உள்ளே இறங்குகின்றன. தோள் நான்கு செ.மீ. இறங்கினால், தலைக்கும் மெத்தைக்கும் இடையிலுள்ள இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவு குறைகிறது. தலையணை மட்டும் அதே உயரத்தில் நின்றால் தலை மேற்பக்கமாக, அதாவது தங்களுக்கு இடப்பக்கமாக, வளைந்து கிடக்கும். சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலையை ஆறேழு மணி நேரம் அப்படிச் சாய்த்து வைத்தால், கீழ்ப்பக்கத் தசைகள் இழுபடும், மேற்பக்கத்தில் மூட்டுகள் நெருக்கப்படும். வலி எந்தப் பக்கம் வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பழைய தலையணை உயரமாக இருந்தது. புதியதையும் உயரமான பக்கம் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். பொருள் மாறியது, பிழை மாறவில்லை.

வீட்டிலேயே அளவெடுக்கும் முறையைச் சொல்கிறேன். இதற்குத் தலையணையே வேண்டாம்; நான்கைந்து பருத்தித் துண்டுகள் போதும். தாங்கள் உறங்கும் அதே மெத்தையில் வழக்கமான பக்கத்தில் படுத்து, தோள் நன்கு இறங்கும்வரை இரண்டு நிமிடம் காத்திருங்கள். தோள் தலையணையின் மேல் ஏறக் கூடாது. கழுத்தும் தலையும் மட்டுமே அதன்மேல் இருக்க வேண்டும். துண்டுகளை ஒரே அகலத்தில் மடித்து அடுக்கித் தலைக்குக் கீழே வையுங்கள். வீட்டில் உள்ள ஒருவரை முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்: மூக்கு நுனி, முகவாய், மார்பெலும்பின் நடு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில், மெத்தைக்கு இணையாக இருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் பிடரி எலும்புகளின் வரிசை முதுகெலும்பின் நேர்த் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு மடிப்பைக் கூட்டியோ குறைத்தோ அந்த நேர்கோட்டை எட்டியபின், தலை அழுத்திய நிலையிலேயே உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் தங்கள் எண்.

"அழுத்திய நிலையில்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெட்டியில் அச்சிட்ட 12 செ.மீ. என்பது தலை வைக்காத உயரம். தளர்வாக அடைத்த பஞ்சுத் தலையணை தலையின் எடையில் பாதியாகக்கூட அமுங்கும். லேடெக்ஸ் எனப்படும் ரப்பர் கொஞ்சமே அமுங்கும். மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி மெதுவாக இறங்கும். மல்லாந்து படுக்கும்போது தேவைப்படும் உயரம் இதைவிடக் குறைவு. அப்போது தலையைத் தூக்கிப் பிடிப்பதைவிடக் கழுத்தின் வளைவுக்குக் கீழே சிறு தாங்கல் கொடுப்பதே முக்கியம். ஒரு கைத்துண்டைச் சுருட்டி உறைக்குள் கீழ்விளிம்பில் செருகினால் போதும். குப்புறப் படுப்பவர்களுக்கு நான் தலையணை பரிந்துரைப்பதில்லை, அந்தப் பழக்கத்தையும் பரிந்துரைப்பதில்லை. மூச்சு விடுவதற்காகக் கழுத்தை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பியே ஆக வேண்டியிருக்கிறது.

பொருளைப் பற்றியும் கேட்டீர்கள் என்பதால் ஒன்று. 2009ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில், ஒருக்களித்து உறங்குபவர்களிடம் வெவ்வேறு தலையணைகளைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. காலைக் கழுத்து வலியைப் பொறுத்தவரை ரப்பர், அதாவது லேடெக்ஸ், நன்றாக இருந்தது. இறகுத் தலையணை மிக மோசமாக இருந்தது. மேடு பள்ளம் வைத்த ஃபோம், சாதாரண வடிவிலான ஃபோமைவிட மேலானது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. இலவம்பஞ்சு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே போடிமெட்டு அவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

கை மரத்துப்போதல், பிடி தளர்தல், காய்ச்சல், விழுந்தபின் வந்த வலி, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி இவற்றில் ஏதேனும் இருந்தால் துண்டு மடிப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

8. புதுத்தாய் தஞ்சை

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகிறது. தலை உருண்டையாக அமைய வேண்டும் என்று என் மாமியார் கடுகு அடைத்த சிறு தலையணை ஒன்றைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பின்மண்டை சற்றுத் தட்டையாக இருப்பது உண்மைதான். வைக்கலாமா?

9. பேறுகாலச் செவிலி

வேண்டாம் அம்மா. ஓராண்டு நிறையும் வரை உறங்கும் குழந்தைக்குத் தலையணை எதுவும் தேவையில்லை. கடுகானாலும் பஞ்சானாலும் அப்படியே. குழந்தையின் தலை உடலை ஒப்பிடப் பெரியது. தலையணையில் வைத்தால் முகவாய் மார்பை நோக்கி மடங்கி மூச்சுப்பாதை நெருக்கப்படலாம், அல்லது முகம் புதைந்துவிடலாம். திருப்பிக்கொள்ளும் வலிமை இந்த வயதில் கிடையாது. தலையின் வடிவைத் திருத்துவதாகக் கூறி விற்கப்படும் தலையணைகளை வாங்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2022இல் எச்சரித்தது. கடினமான, சமமான படுக்கையில் மல்லாந்து படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருந்து, சிறிது சிறிது நேரம் குப்புறக் கிடத்துங்கள், தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், படுக்க வைக்கும் திசையை மாற்றுங்கள். தட்டை பெரும்பாலும் தானே சீராகிவிடும். ஒரு பக்கம் மட்டுமே திரும்புகிறது என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். மாமியாரிடம், செவிலி வேண்டாம் என்றார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

தங்களைப் போலப் பிள்ளை பெற்றவர்களைவிடச் சுமப்பவர்களுக்குத்தான் தலையணை பயன்படும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு உறங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுக்கச் சொல்வோம். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே மடித்த பழைய புடவை ஒன்று என்று வைத்தால் இடுப்பு வலி குறையும். இதற்கென்று நீளமான வளைந்த தலையணைகள் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை.

10. கடற்காற்று

இயன்முறையாளர் எழுதியதை வாசித்தபின், நான் முதலில் எழுதியது வேறொரு கேள்விக்கான விடை என்று உணர்கிறேன். ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் துவைக்கக்கூடியதுதான் முதல் நிபந்தனை என்பதில் மட்டும் மாற்றமில்லை.

நொய்யல்வாசி சொன்ன "கல்லைப் போல" என்பது மிகையன்று. மெமரி ஃபோம் வெப்பத்தைப் பொறுத்து இளகவும் இறுகவும் கூடிய பொருள். 1966இல் நாசாவுக்காக, இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தையாக உருவானது அது. குளிர்ந்த அறையில் தலையின் சூடு ஏறும்வரை இறுகியே இருக்கும். ஏசி இல்லாத சித்திரை மாதத்தில் இளகிச் சூட்டைத் தேக்கிக்கொள்ளும். நம் ஊர் இரவுகளுக்கு ஏற்ற பொருளா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

எங்கள் வீட்டில் ஒரு இழப்பு நேர்ந்தது, மற்றவர்களாவது தவிர்க்கட்டும். பஞ்சுத் தலையணைகளைப் போலவே, என் மாமியார் ஒரு லேடெக்ஸ் தலையணையையும் ஒரு மெமரி ஃபோம் தலையணையையும் கோடை முழுவதும் வாரந்தோறும் மொட்டைமாடியில் காயப்போட்டார். பஞ்சுக்கு வெயில் உயிர்; ஈரம் போகும், இழை எழும்பும், சிற்றுண்ணிகளும் குறையும். ஃபோமுக்கும் ரப்பருக்கும் அதே வெயில் எதிரி. புற ஊதாக் கதிர்கள் பட்டு ஃபோம் மஞ்சளாகி நொறுங்கியது. லேடெக்ஸின் மேற்புறம் வெடித்துப் பொடியாக உதிரத் தொடங்கியது. இவற்றை நிழலில், காற்றோட்டத்தில் வைத்தால் போதும். நீரில் நனைத்துப் பிழியவும் கூடாது. உள்ளே சென்ற நீர் எளிதில் வெளியேறாது, எடை தாங்காமல் கிழியும். கழற்றித் துவைக்கக்கூடிய உறையோடு வாங்குவதே வழி.

11. பாய்விரிப்பவன்

நான் மல்லாந்து படுப்பவன்தான். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு என் முறை பொருந்தாது என்பதை ஏற்கிறேன். விலங்கு உவமையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வேறொரு ஐயம். என் தந்தைக்கு நெஞ்செரிச்சல் உண்டு. எதுக்களித்தல் வராமலிருக்க மூன்று தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படுக்கிறார். எரிச்சலும் நிற்கவில்லை, இப்போது கழுத்தும் வலிக்கிறது என்கிறார். குறட்டையும் உண்டு. குறட்டையை நிறுத்தும் தலையணை என்று விளம்பரம் பார்த்தோம்.

12. இயன்முறையாளர் சேலம்

தலையணைகளை அடுக்கும்போது தலை மட்டும் உயர்ந்து உடல் இடுப்பில் மடங்குகிறது. வயிறு அழுத்தப்படுவதால் எதுக்களித்தல் சில வேளைகளில் கூடவும் செய்யும். உயர வேண்டியது தலையன்று, மேலுடல். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு முதல் எட்டு அங்குல உயரமுள்ள உறுதியான மரக்கட்டைகளை வைத்துக் கட்டிலையே சாய்க்கலாம்; அல்லது இடுப்பிலிருந்து தலைவரை தாங்கும் ஆப்பு வடிவ ஃபோம் ஒன்றை வாங்கலாம். அதன்மேல் வழக்கமான ஒரு மெல்லிய தலையணை போதும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும், உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே இரவு உணவை முடிப்பதும் உதவும்.

குறட்டைக்குத் தலையணை வாங்கும் முன், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் அது உறக்க மூச்சுத்திணறல் நோயாக இருக்கலாம். உறக்கப் பரிசோதனை செய்தே தீர வேண்டும், எந்தத் தலையணையும் அதற்கு மருந்தாகாது. காந்தம் வைத்த தலையணை, மூலிகை அடைத்த தலையணை பற்றியும் அடிக்கடிக் கேட்கிறார்கள். வெட்டிவேர் மணம் எனக்கும் பிடிக்கும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

13. நொய்யல்வாசி

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். துண்டுகளை மடித்து அளந்ததில், என் மெத்தையில் எனக்குத் தேவையான உயரம் எட்டு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு என்று வந்தது. பழைய தலையணையில் தலையை வைத்து அளந்தால் பதினொன்றரை. என் மனைவி முன்னால் நின்று பார்த்துவிட்டு, "ஐயோ, தலை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றார்.

மடித்த துண்டுகளின் மேலேயே பத்து நாட்கள் உறங்கினேன். ஆறாம் நாள் காலையில் பிடரியைத் தடவிப் பார்த்த பிறகுதான் வலி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இடையில் இரண்டு நாட்கள் மீண்டும் வந்தது. அந்த இரண்டு நாட்களும் ஆண்டு முடிவுக் கணக்குக்காகப் பதினான்கு மணி நேரம் குனிந்தபடி அமர்ந்திருந்தேன் என்பதால் அதைத் தலையணையின் கணக்கில் எழுதவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய தலையணையைப் பிரித்தோம். நடுவில் இருந்த பஞ்சு சாம்பல் நிறப் பொடியாகியிருந்தது. இரு ஓரங்களிலும் தேங்காய் அளவில் இரண்டு கட்டிகள். அவற்றோடு ஒரு கைப்பிடி இலவங்கொட்டைகள். பதினைந்து ஆண்டுகளாக அவற்றின் மேல் தலை வைத்திருக்கிறேன் என்பது தெரிந்தபோது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. போடிமெட்டு அவர்களின் தம்ளர் சோதனையைச் செய்து புதிய பஞ்சு வாங்கி வந்தோம். 16க்கு 24 அங்குல உறையில் முதலில் ஒரு கிலோ அடைத்தேன், உயரம் மிகுந்தது. கைப்பிடி கைப்பிடியாகக் குறைத்து, முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே நின்றபோது துண்டின் அளவு கிடைத்தது. ஒரு பக்கத் தையலை மட்டும் பெரிய கண்ணாக ஓட்டி விட்டிருக்கிறேன், அமுங்கினால் சேர்ப்பதற்கு வசதியாக.

மெமரி ஃபோம் தலையணை வீணாகவில்லை. என் மனைவி பெரும்பாலும் மல்லாந்து படுப்பவர், தோள் குறுகியவர். தாழ்ந்த மேட்டை அவர் கழுத்துக்குக் கொடுத்துப் பார்த்தோம், அளவு சரியாக அமைந்தது. ஏசியின் குளிரைக் கொஞ்சம் குறைத்தோம். வெயிலில் போடக் கூடாது என்று அதன் உறையின் மேல் எழுதியே வைத்துவிட்டார்.

மீதிப் பஞ்சு கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அதை எப்படி வைத்திருப்பது? பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கலாமா?

14. போடிமெட்டு

பிளாஸ்டிக் வேண்டாம் ஐயா. உள்ளே ஈரம் நின்றால் புழுங்கிய வாடை வரும், பின்னர் அது போகாது. காடாத்துணியில் பை தைத்து, வாயைக் கட்டி, பரண்மேல் அடுப்பு, விளக்குப் பக்கம் போகாத இடத்தில் வையுங்கள். எலி வருமானால் தகரப் பெட்டிக்குள் அந்தப் பையை வைக்கலாம். ஆடி மாதக் காற்றில் மட்டும் திறந்துவிடாதீர்கள். பஞ்சு வீடெங்கும் பறக்கும், வீட்டில் உள்ளவர்கள் உங்களைத்தான் தேடுவார்கள்.

கொட்டைகள் இருந்தன என்றீர்களே, அது தைத்தவரின் சோம்பல். நன்றாக அடித்துச் சலித்த பஞ்சில் ஒன்றிரண்டு தப்பலாம், ஒரு கைப்பிடி தப்பாது. அந்தத் தலையணை எங்கள் ஊரில் தைத்ததாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.